லோஜினியின் முகத்துக்குப் பின்னால் தாஜ்மகால்

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தில் படியேறிக்கொண்டு நிற்கையில் போன் வந்தது. லோஜினியின் மகன். "பெரியம்மா, அம்மா போயிட்டா" என்றான். ஆஸ்பத்திரியில் இருந்து இந்தக் கிழமை வீட்டுக்கு விடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சனம் என்னை இடித்துக்கொண்டு போனது.

அன்றைக்கு அழுதேன். அடுத்த நாளிலிருந்து கோபம்தான். ரூ லூயி-பிளாங் தெருவில் லோஜினி வேலை செய்த பயண முகவர் கடையின் கண்ணாடியில் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அவரின் முகம், கீழே குத்துவிளக்கு. முகத்துக்குப் பின்னால், காதுகளில் கோபுரம் முளைத்த மாதிரி, தாஜ்மகால்.

லோஜினியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளங்கும். அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேத்தி கணினியில் அடித்துத் தருகிறாள். வசனத்தில் அவளைக் கைவைக்க விடவில்லை.

பத்மலோஜினி அவர்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்து டில்லியில் சரித்திரம் படித்தவர். அங்கே ஹுமாயூன் என்ற முகலாய அரசனின் சமாதியைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார். ஊரில் நடந்த சண்டை அதை முடிக்க விடவில்லை. பிரான்சுக்கு வந்து, பாரிஸுக்குப் பக்கத்தில் ஒபர்வில்லியேயில் எங்கள் மாடிக்கு மேல்மாடியில் குடியிருந்தார். பயண முகவர் கடையில் ரிக்கற் போட்டார். பிறகு வக்கான்ஸ் விடுமுறைக் காலத்தில் எங்கள் சனத்தைக் காசி யாத்திரைக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பும் அவருக்கு வந்தது. டில்லியில் இறங்கியதும் முதலில் அந்தச் சமாதிக்குத்தான் பஸ்ஸை விடுவார்.

நான் போன முறை பெரிய கலாட்டா. பொன்னம்பலம் அண்ணை என்று ஒருவர், பஸ்ஸை விட்டு இறங்கமாட்டேன் என்று ஆசனத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, சமாதிக்குப் போனால் துடக்கு. பிறகு காசியிலை கோயிலுக்குள்ளை என்னெண்டு போறது?"

"தாஜ்மகாலும் சமாதிதானே அண்ணை. நாளைக்கு அங்கை போட்டோ எடுக்கிறதுக்கெண்டு புதுச் சேட்டு கொண்டு வந்திருக்கிறியள். அதுக்குத் துடக்கில்லையோ?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அண்ணை முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்.

தோட்டத்தை நான்காகப் பிரித்து நடுவே தண்ணீர் ஓட விட்டிருக்கிறார்கள். அதன் நடுவில் உயரமான மேடை. மேடைக்கு மேல் சிவப்புக் கல்லால் கட்டி, வெள்ளைப் பளிங்கால் கோடு இழுத்த கட்டடம். அதற்கும் மேலே வெள்ளைக் குவிமாடம். நான் அண்ணாந்து பார்த்தேன். உள்ளே போய் மறுபடியும் பார்த்தேன். வெளியில் கண்ட உயரம் உள்ளே இல்லை.

"ரெண்டு கூரை அக்கா" என்றார் லோஜினி. "ஒண்டுக்குள்ளை ஒண்டு, நடுவிலை வெறும் இடம். தூரத்திலை நிக்கிறவனுக்கு உயரம் தெரியவேணும். உள்ளுக்கை நிக்கிறவனுக்குப் பயமில்லாமல் இருக்கவேணும். ஒரு கூரையாலை ரெண்டும் ஏலாது."

நடுவில் இருந்த பளிங்குக் கல்லுக்குப் பொன்னம்பலம் அண்ணை தள்ளி நின்றார். "பயப்பிடாதேங்கோ, இது அடையாளக் கல்லு. ஆள் கீழை மண்ணுக்குள்ளை" என்றார் லோஜினி. அரசன் செத்தபின் அவனுடைய மனைவி முன்னின்று கட்டுவித்த சமாதி அது என்றும், தாஜ்மகாலைக் கட்டிய ஷாஜகானுக்கு ஹுமாயூன் பூட்டன் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "புருஷன் கட்டினதைப் பாக்க உலகமே வருது. அதுக்கு முன்னம் பெண்சாதி கட்டினதை ஆர் பாக்கினம்?" என்றார்.

வெளியே மேடையில் வைத்து இன்னொன்றும் சொன்னார். இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்தபோது வீடிழந்த சனம் இந்தத் தோட்டத்தில்தான் கூடாரம் அடித்துக் கிடந்ததாம். அரசனின் சமாதிக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்ததாம். ஊர்ச் சண்டையில் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் பாய் விரித்துப் படுத்தவர்கள்தானே நாங்களும். பொன்னம்பலம் அண்ணை கீழே இறங்கிப் போய்ப் புல்லில் குந்தினார். "எழும்புங்கோ, பஸ் நிக்குது" என்று நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுக்குப் பிறகு கடை முதலாளி சமாதியைப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் பஸ்ஸைச் சேலைக்கடைக்கு விடச் சொன்னார். "செத்தவனைக் காட்டினால் சனம் வராது" என்றாராம். லோஜினி சண்டை பிடித்தார். பலன், அவரைக் கடை மேசையோடு இருத்திவிட்டார்கள். அதன்பின் ஒரு கூட்டத்தையும் அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. கடைக்கு வந்தவர்கள் "தாஜ்மகால் அக்கா நீங்கள்தானே?" என்று கேட்டால், "நான் ஹுமாயூன் ஆள்" என்பார். அதைக் கேட்டு எத்தனை பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு நோகும் என்று ஒருவராவது நினைத்தார்களா?

உயிரோடு இருந்தபோது அவரிடமிருந்து அந்த இடத்தைப் பறித்தார்கள். செத்தபிறகு அவர் வெறுத்த பெயரையே முகத்தோடு ஒட்டினார்கள். நான் கடைக்குள் போனேன்.

"அக்கா, டிசைன் செய்த பெடியன் போட்டது. வடிவாத்தானே இருக்கு?" என்றார் முதலாளி.

"உன்ரை கொப்பர் செத்தால் பக்கத்து வீட்டுக்காரன்ரை படத்துக்கு மாலை போடுவியோ தம்பி?"

"சனத்துக்குத் தெரிஞ்சது இதுதானே அக்கா."

"தெரியாமல் வைச்சிருக்கிறது ஆர்? நீதானே! அவ காட்டினதைச் சனம் பாத்தது. நான் பாத்தனான்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?" என்றார்.

"கத்தரிக்கோல் தா."

தந்தார். சுவரொட்டியைக் கழற்றி மேசையில் விரித்து வெட்டினேன். நெற்றியைச் சுற்றி, காதைச் சுற்றி, தோளைச் சுற்றி. முகத்தில் வெட்டு விழவில்லை. தாஜ்மகாலை மேசையிலேயே விட்டேன். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது கண்ணாடியில் லோஜினியின் முகம் மட்டும் இருக்கிறது. வெட்டுக் கோணலாக இருக்கிறதென்று அவரின் மகன் சொன்னான். இருக்கட்டும். கோணலைப் பார்த்து யாராவது ஏன் என்று கேட்டால், முதலாளி பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

போயிட்டு வாங்கோ லோஜினி. உங்களைத் தாஜ்மகால் அக்கா என்று சொல்ல இனி நான் ஒருவரையும் விடமாட்டேன்.