பாணுக்கு எழுபத்து நான்கு

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி, தானே சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். தீப்பெட்டி வாங்கினால் கடையிலேயே ஒரு குச்சியை உரசிப் பார்ப்பாள். கடைக்கார நூர்தீன் அவள் தலையைக் கண்டாலே தீப்பெட்டிகளை உள்ளே தள்ளிவிடுவார்.

இப்பேர்ப்பட்டவளின் போனில், கொழும்பில் வேலை செய்யும் மகள் பிரேமினி தீபாவளிக்கு வந்தபோது ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். கேமராவின் மேல் விரலை வைத்தால் நாடித்துடிப்பைச் சொல்லுமாம். வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்ததும் நாகலெட்சுமி ஆள்காட்டி விரலை வைத்தாள். நாற்பத்தொன்று என்றது. மறுநாளும் அதே கதை.

"இது சரியில்லம்மா. வேலைய விட்டுட்டு எங்கிட்ட வந்துருங்க. சனிக்கிழமை வேன் அனுப்புறேன்" என்று கொழும்பிலிருந்து போனில் சொன்னாள் பிரேமினி.

சாவுக்குக்கூட நாகலெட்சுமி அவ்வளவாகப் பயப்படவில்லை, பயமெல்லாம் கொழும்புக்குத்தான். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரியும் ஊரில் மனுஷி எப்படி இருப்பது?

சோதனையை உடனே தொடங்கினாள். புருஷன் செல்லசாமியின் விரலுக்கு எழுபது வந்தது. அவர் தின்பதற்கு எடுத்து வைத்திருந்த பாண் ரொட்டித் துண்டின் மேலும் போனை வைத்தாள். எழுபத்து நான்கு.

"ஒங்கள விட பாண் தெம்பா இருக்குங்க."

செல்லசாமி பாணையே பார்த்தார். "அப்ப இத நான் திங்கலாமா, கூடாதா?"

மகளிடம் இந்த வாதம் எடுபடவில்லை. "பாண விடுங்க. ஒங்களுக்கு மட்டும் ஏன் தெனமும் கொறச்சலா காட்டுது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். நர்ஸ் சுலக்ஷனா மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எழுபத்தாறு. அதே நேரத்தில் ஆள்காட்டி விரலுக்கு ஆப் நாற்பத்தொன்று என்று சாதித்தது. இருவரும் அந்த விரலைத் திருப்பிப் பார்த்தார்கள். வருஷக்கணக்கான தேயிலைக் கறை. அதற்குள் வெளிச்சம் எப்படிப் போகும்? கொழுந்தைத் தொடாத சுண்டுவிரலை வைத்தாள். எழுபத்தேழு. சந்தோஷத்தில் நாகலெட்சுமி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

அன்று மாலை வீடியோவில் எல்லாவற்றையும் சொல்லி, சுண்டுவிரலையும் ஆட்டிக் காட்டினாள். பிரேமினி சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க வர மாட்டீங்க" என்றாள் மெதுவாக.

நாகலெட்சுமி போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். "ஒன் போன்லயும் அது இருக்குல்ல? விரல வையி. ஒன் கையில கறை இல்லயே."

பிரேமினி விரலை வைத்தாள். நூற்றுப் பதினாறு.

"இப்பதாம்மா படியேறி வந்தேன்."

அவள் தலைக்குப் பின்னால் தலையணை தெரிந்தது. துணைக்கு யாருமில்லாத அறையில் படுத்துக்கொண்டே படியேறுகிறாள் மகள். இதைச் சோதித்துப் பார்க்க நாகலெட்சுமிக்கு எந்த ஆப்பும் வேண்டியிருக்கவில்லை.

"சனிக்கிழமை வேன் எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டாள்.