பாடர் நதியில் ஒரு படித்துறை

இன்பமணி அண்ணாச்சி ஜெர்மனிக்குப் போனதில்லை. ஆனால் அஜ்மானில் எங்கள் அறைக்கு யார் புதிதாக வந்தாலும், சாப்பாட்டுத் தட்டை நீட்டிய கையோடு பாடர் ஆற்றைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். கேட்பவருக்கு, ஏதோ அவருடைய மாமனார் ஊர் ஆறு போலிருக்கிறது என்றே தோன்றும். எந்த இடத்தில் ஆழம், எந்த வளைவில் வாத்துகள் நிற்கும், எங்கே போய்ப் பெயரைத் தொலைக்கும் என்று அத்தனையும் சொல்வார். ‘எப்போ போனீங்க?’ என்று கேட்டால் மட்டும் காதில் விழாது.

போன வாரம் சொந்த ஊரான ஏரலில் அவரை அடக்கம் செய்துவிட்டார்கள். எங்களோடு அறையில் இருந்த கார்மேகம் போனில் சொன்னான். அதிலிருந்து எனக்கு அந்த ஆற்றின் நினைவாகவே இருக்கிறது. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த ஆற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் மூவரும் துபாயில் ஒரு தோட்ட வேலைக் கம்பெனியில் இருந்தோம். பணக்காரர்களின் வில்லாக்களில் புல்வெளி, நீரூற்று, செயற்கை அருவி எல்லாம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி. நான் அங்கே படம் வரைகிறவன். அண்ணாச்சி குழாய் வேலையில் ஃபோர்மேன். கார்மேகம் பரமக்குடிப் பக்கம். சிமெண்ட் குழைப்பது முதல் பிரியாணி கிளறுவது வரை எதற்கும் தயார்.

அண்ணாச்சிக்கு ‘லீக்கு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஷார்ஜாவில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் அவர் அமைத்த நீரூற்று, திறப்பு விழா அன்றே ஒழுகியது. கீழே இருந்தது கம்பளக் கடை. ரிப்பன் வெட்டி எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் ஈரக் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். அது நடந்த பிறகு எந்தச் சைட்டிலும் அண்ணாச்சி நுழைந்தால், யாராவது ஒருவர் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்.

இன்ஜினியர் பத்மநாபன் சென்னைக்காரர். அவரும் அதை மறக்கவில்லை. “இன்பமணி, இன்னும் ஒரே ஒரு தப்பு. அப்புறம் நீங்க ஃபோர்மேன் கிடையாது. பழையபடி பைப் தூக்க வேண்டியதுதான்” என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லியிருந்தார். அந்த ஃபோர்மேன் தொப்பி அண்ணாச்சிக்கு எட்டு ஊர் சொத்து. வெள்ளிக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போதுகூட அதைப் போட்டுக்கொண்டுதான் போவார்.

அப்போதுதான், 2005 கடைசியில், வெர்னர் வந்தார்.

வெர்னருக்கு அறுபது வயதிருக்கும். ஏதோ இயந்திரக் கம்பெனியில் பெரிய பதவி. நகருக்கு வெளியே புதிதாகக் கட்டி விற்ற வில்லாக்களில் ஒன்றை வாங்கியிருந்தார். அவருக்குத் தோட்டத்தில் ஆறு வேண்டும். ஏதோ ஒரு ஆறு போதாது. தன் ஊரான பாடர்போர்னில் ஓடும் பாடர் வேண்டும். அந்த ஊர்ப் புகைப்படங்களைப் புல் முளைக்காத மணலில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்து, எங்களுக்கு விளக்கினார்.

அது ஜெர்மனியிலேயே மிகக் குட்டையான ஆறு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்களாம். மொத்தமே நாலு கிலோமீட்டர்தான். மலையில் பிறப்பதில்லை. ஊர் நடுவே, பெரிய தேவாலயத்துக்குக் கீழே, வீடுகளுக்கு அடியிலும் சந்துகளுக்கு இடையிலும் இருநூறு இடங்களில் தண்ணீர் தானாகக் கொப்பளித்து வருகிறது. அவை சின்னச் சின்னக் கிளைகளாகச் சேர்ந்து, மில் சக்கரங்களைக் கடந்து, வில்லோ மரங்கள் தலை கவிழ்ந்த கரையோடு போய், புல்வெளிக்குள் இறங்கி, ஒரு ஏரியைத் தொட்டு, கடைசியில் ஓர் அரண்மனை அருகே லிப்பே என்ற ஆற்றில் கலந்துவிடுகிறது. தங்கள் ஆற்றில்தான் தண்ணீர் அதிகம், இருந்தும் பெயர் மட்டும் லிப்பேக்குப் போய்விட்டது என்று சொல்லும்போது வெர்னரின் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

பத்மநாபன் இதையெல்லாம் தமிழில் சொல்லி முடித்ததும் கார்மேகம் வாயைத் திறந்தான்.

“இருநூறு எடத்துல தரையப் பிச்சுக்கிட்டுத் தண்ணி ஒழுகுதா? அதுவும் வீட்டுக்கு அடியில? அண்ணாச்சி, இது ஆறு இல்ல. நீங்க அந்த ஊருக்கு வேலைக்குப் போயிருக்கீங்க. எங்ககிட்ட மறைக்கிறீங்க.”

பத்மநாபன்கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

“சிரிங்கலே, சிரிங்க” என்றார் அண்ணாச்சி. “உங்க ஊரு வைகையில தண்ணி வந்தா பேப்பர்ல போடுதான். நீ ஆத்தப் பத்திப் பேசுத. நான் தாமிரவருணிக்காரன்டே. ஆறுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்.”

வேலை ஆரம்பமானது. வில்லாவே தேவாலயம், அதன் அஸ்திவாரத்தை ஒட்டிக் கற்களுக்கு அடியில் ஊற்றுகளுக்கான குழாய்கள். பம்பு அறைக்கு ஒரு மரச்சக்கரம் மாட்டியதும் அது மில் ஆகிவிட்டது. வில்லோ மரம் அந்த வெயிலில் நிற்காது என்பதால் வேப்பங்கன்றுகள். நீச்சல் குளம்தான் லிப்பே ஆறு. குளத்தின் குளோரின் ஆற்று மீன்களைக் கொன்றுவிடும் என்று நடுவில் தண்ணீருக்குள் தெரியாதபடி ஒரு கண்ணாடித் தடுப்பு. குளித்தவர்கள் உடை மாற்றும் அறை அரண்மனையாக்கப்பட்டது. கடைசிக்கு வந்த தண்ணீரை, பூமிக்கு அடியில் ஒரு குழாய் மறுபடி ஊற்றுக்கே கொண்டுபோய்விடும்.

அண்ணாச்சி சோறு தண்ணி மறந்து வேலை பார்த்தார். அடியில் விரித்த ரப்பர் ஷீட்டின் ஒவ்வொரு இணைப்பையும், தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்வார். தண்ணீர் விட்டுப் பார்த்த அன்று ஒரு சொட்டு ஒழுகவில்லை. கார்மேகம் கற்பூரம் இல்லாத குறைக்கு ஒரு சிகரெட்டைக் கொளுத்தி ஆற்றுக்குச் சுற்றிக் காட்டினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்மநாபன் அபுதாபி வேலையாக ஒரு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. நானும் ஆபீஸில் இருந்தேன். திரும்பி வந்தபோது, ஊற்றுக்குச் சற்றுக் கீழே ஆறு திரும்புகிற இடத்தில், மிச்சமிருந்த பட்டைக் கற்களால் அழகாக நாலு படி இறங்கியிருந்தது. கடைசிப் படி தண்ணீருக்குள்.

“இது என்ன?” என்றார் பத்மநாபன்.

“படித்துறை சார்.”

“டிராயிங்ல இருக்கா?”

“டிராயிங்காரரு மறந்துட்டாரு போலுக்கு” என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

“ஜெர்மன்காரன் ஒவ்வொரு கல்லையும் போட்டோ வெச்சுச் சரிபார்க்கிறான். அவன் ஆத்துல போய் உங்க ஊர்ப் படித்துறையா? யார் கேட்டா இதை?”

“எறங்க எடமில்லாம எப்படி சார் ஆறாவும்? தள்ளி நின்னு பாத்துட்டுப் போறதுக்கு அது என்ன மியூசியமா?”

“வெள்ளிக்கிழமை கிளையண்ட் வரார். வியாழக்கிழமைக்குள்ள உடைக்கணும். உடைக்கல, அவருக்கும் பிடிக்கலன்னா, தொப்பியைக் கழட்டி என் டேபிள்ல வெச்சிடுங்க.”

“சரி சார்” என்றார் அண்ணாச்சி. அவர் அவ்வளவு சீக்கிரம் சரி என்றதுமே, உடைக்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கடப்பாரை கார்மேகத்திடம் வந்தது. “நான் ஆத்துல கை வெக்க மாட்டேண்ணே, எங்க ஊருக்கு இருக்கிற தண்ணியும் வராமப் போயிரும்” என்று அவன் அதை வேப்பங்கன்றில் சாய்த்து வைத்தான். அண்ணாச்சி டீ குடித்துவிட்டு உடைக்கலாம் என்றார். டீ குடித்தோம். கல் காய்கிறதே, சூடு தணியட்டும் என்றார். சூடு தணிந்தது. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்கிற நேரத்தில் கடப்பாரை எடுப்பது மரியாதை இல்லை என்றார். வியாழக்கிழமை முடிந்தது.

“அண்ணாச்சி, தொப்பி போயிடும்” என்றேன், அறைக்குத் திரும்பும் வேனில்.

“போட்டும் வே. மண்டை இருக்கில்லா” என்றார். ஆனால் வழி முழுக்க அந்தத் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை வெர்னர் புகைப்படங்களோடு வந்தார். ஊற்றைப் பார்த்தார். மில்லைப் பார்த்தார். திருப்பத்துக்கு வந்து நின்றார். கையிலிருந்த படத்தையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்கள் ஆற்றில் இந்த இடத்தில் இது இல்லையே” என்றார் ஆங்கிலத்தில்.

“சிறு பிழை. இன்றைக்கே எடுத்துவிடுகிறோம்” என்றார் பத்மநாபன்.

வெர்னர் அதைக் கவனிக்காமல், “இது எதற்கு?” என்று கேட்டார். பத்மநாபன் பதில் தேடுவதற்குள் அண்ணாச்சி முன்னால் வந்தார். அவருடைய ஆங்கிலம் குழாய் அளவுகளோடு நின்றுவிடும். அதனால் பேசவில்லை. பூட்ஸைக் கழற்றினார். பேண்டை முழங்கால்வரை சுருட்டினார். படியிறங்கி முகம் கழுவினார். பிறகு தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் முக்கி, மேல்படியில் ஓங்கி ஓர் அடி அடித்தார். தண்ணீர் வெர்னரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

“ஃபார் திஸ் சார்” என்றார்.

பத்மநாபன் கண்ணை மூடிக்கொண்டார். வெர்னர் சட்டையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் ஊரிலும் அந்தக் காலத்தில் பெண்கள் ஆற்றங்கரையில் மண்டியிட்டுத் துணி துவைப்பார்களாம். ஊற்றுகளில் ஒரு கிளை மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக வரும். சூடான பாடர் என்றே அதற்குப் பெயர். குளிர்காலத்தில் எல்லோரும் துணி மூட்டையோடு அங்கேதான் போவார்களாம்.

அண்ணாச்சி வெற்றியோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவசரப்பட்டுவிட்டார்.

“ஆனால்” என்றார் வெர்னர், “இது தப்பான கிளை. சூடான பாடர் அந்தப் பக்கம்.”

“அங்கே மாற்றிவிடுகிறோம்” என்று பத்மநாபன் உடனே சொன்னார். கடப்பாரையைத் தேடி அவர் கண் போனது.

பத்மநாபன் சைகையில் காட்டியதும் அண்ணாச்சிக்கு விஷயம் புரிந்தது. பிறகு வெர்னரை, மாப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கை காட்டிப் படிக்கு அழைத்தார்.

“சார், கம். ஹேண்ட் புட். திஸ் துபாய் சார். ஆல் வாட்டர் வார்ம்.”

வெர்னர் குனிந்து கையை விட்டார். நண்பகல் வெயிலில் ஆறு டீ போலச் சூடாக இருந்தது. கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தார். ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து அதற்குள் வைத்துவிட்டு, இரண்டாம் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டார்.

“அவர் சொல்வது சரி” என்றார் பத்மநாபனிடம். “வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

தொப்பி தப்பியது. அடுத்த வில்லாவில் பத்மநாபன், “தண்ணீருக்கு இறங்கும் படி எங்கள் கம்பெனியின் தனிச் சிறப்பு” என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன். படத்தில் படியைச் சேர்த்தபோது அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று, “அதுல ஒரு ஆளு தொப்பியோட உக்காந்திருக்க மாதிரி போடும் வே” என்று நச்சரித்தார். கட்டட வரைபடத்தில் ஆள் போடக் கூடாது என்று சொல்லி நான் போடவில்லை.

அதற்குப் பிறகு பாடர் அவருடைய சொந்த ஆறாகிவிட்டது. லீவில் ஊருக்குப் போனவர், தாமிரவருணியைப் பார்த்து ‘சும்மா நீளமா இருந்தா ஆச்சா’ என்று கேட்டாராம்.

போன வருஷம் கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவர் ஒரேயடியாக ஏரலுக்குப் போய்விட்டார். தொப்பியைத் திருப்பிக் கேட்கப் பத்மநாபனுக்கு மனம் வரவில்லை. கார்மேகம் லீவில் போனவன் அவரைப் பார்க்கப் போயிருக்கிறான். சாயங்காலம் ஆற்றுப் படித்துறையில் தொப்பியோடு உட்கார்ந்து, குளிக்க வந்தவர்களிடம், வீட்டுக்கு அடியில் இருநூறு இடத்தில் கொப்பளிக்கிற ஜெர்மன் ஆற்றைத் தான் கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒருவரும் முழுசாக நம்பவில்லை. கார்மேகத்தைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்திருக்கிறது.

“ஏலே, வா! இவனுவகிட்ட நீயே சொல்லு. நான் கட்டினேனா இல்லியா?”

“கட்டுனாருங்க” என்றானாம் கார்மேகம். “அந்த ஆத்துக்கு நான்தான் சிமெண்ட் கொழச்சேன்.”

அதோடு, பாதி நம்பியிருந்தவர்களும் சோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்களாம்.