கழுத்தளவுத் தண்ணீரில் பேஸ் குரல்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாக்கியசீலனாகிய எனக்குத் தொழிலில் குறை ஒன்றும் இல்லை. குறையெல்லாம் தொண்டையில்தான். கடைக்குப் போன் செய்கிறவர்கள், நான் "சொல்லுங்க" என்றதும், "அக்கா, அண்ணாச்சி இருக்காவளா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது "ஒரு நிமிஷம்" என்று சொல்லிச் சற்றுப் பொறுத்து, நானே மறுபடி பேசுகிறேன்.

இப்படிப்பட்ட தொண்டைக்காரன் போயும் போயும் யார்மேல் பைத்தியமானான் தெரியுமா? பால் ராப்சன்மேல். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமா ஒரு கேசட் கொடுத்தார். அந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. வார்த்தை பாதி புரியவில்லை. ஆனாலும் திருப்பித் திருப்பிப் போட்டேன். அன்றிலிருந்து தேடித் தேடிக் கேட்டதில், மரியன் ஆண்டர்சன், ஜெஸ்ஸி நார்மன், நீனா சிமோன், பாப் மார்லி என்று என் செல்போன் முழுக்க அவர்கள்தான். கடையிலும் அவர்கள் பாட்டுத்தான் ஓடும். ஜெஸ்ஸி நார்மன் ஓபரா பாடிக்கொண்டிருந்தபோது கடைக்கு வந்த ஒரு அம்மா, "வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லையே அண்ணாச்சி?" என்று கவலையோடு விசாரித்துவிட்டு இட்லிக் கொப்பரை வாங்கிப் போனார்கள். எனக்கு இதில் ஒரே வருத்தம்தான். மரியன் ஆண்டர்சனும் நீனா சிமோனும் பெண்கள். அவர்கள் குரல்கூட என் குரலைவிடக் கீழே இறங்கும்.

'ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க' என்பார்களே, அந்தக் கழுதைக்காரன் நான்தான். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பேஸ் வரிசையில் நிற்கிறேன். பேஸ் என்றால் ஆண்குரல்களிலேயே அடியில் போவது. தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மற்றவர்கள் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு உறுமுவேன். வீட்டில் பயிற்சியைத் தொடங்கினால், என் மனைவி விக்டோரியா எழுந்து போய் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், குழுவை நடத்தும் ஹெப்ரான் ஒரு பாட்டுக் கொண்டுவந்தார். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் பாடிய பழைய பக்திப் பாட்டு. முதல் வரிகளைப் பேஸ் குரலில் ஒருவர் தனியாகப் பாட வேண்டும். பிறகு குழு சேர்ந்துகொள்ளும்.

"அடுத்த வாரம் பேஸ்காரங்க எல்லாரும் பாடிக் காட்டுங்க. நல்லா வாரவங்களுக்குக் குடுக்கேன்" என்றார் ஹெப்ரான்.

இதற்காகத்தானே முப்பது வருடம் காத்திருந்தேன்! நான் செத்துப்போனால், அடக்க ஆராதனையில் எங்கள் போதகர் ஐயர் என்னை 'நேர்மையான பாத்திர வியாபாரி' என்றுதான் சொல்லப்போகிறார். அதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை, சபை முழுவதும் கேட்க அந்தக் கிணற்றடிக் குரலில் பாடிவிட வேண்டும். வேறு எதையும் நான் கர்த்தரிடம் இவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை.

பக்கத்துக் கடை நெல்லையப்பனிடம் சொன்னேன். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, எங்கே கச்சேரி என்றாலும் முன்வரிசையில் உட்காருகிற ஆள்.

"கழுத்தளவுத் தண்ணியில நின்னு சாதகம் பண்ணணும்வே. அந்தக் காலத்து வித்வான்லாம் அப்படித்தான் பாடினாவ" என்றார்.

"அது உம்ம சங்கீதத்துக்குச் சரி. இது இங்கிலீஷ் பாட்டுல்லா?"

"ஆத்துத் தண்ணி பாஷையாவே பாக்கப் போவுது? நானும் கூட வாரேன்."

மறுநாள் விடிந்ததும் தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கினோம். கார்த்திகை மாதத் தண்ணீர் எலும்பைக் குடைந்தது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் சுற்றிலும் குளித்துக்கொண்டிருக்க, நான் நடு ஆற்றில் இங்கிலீஷில் உறுமினேன். ஒருவர் படியில் நின்று, "உம்ம கூட வந்தவாளுக்கு என்ன செய்யுது?" என்று நெல்லையப்பனைக் கேட்டார். "ஒண்ணுமில்ல, பாடுதாரு" என்றார் அவர். கேட்டவர் நம்பவில்லை.

வாரம் முடிவதற்குள் சளி பிடித்துக்கொண்டது. குரல் இறங்கிவிட்டது! பாடிக் காட்டும் நாளில் நான் வாயைத் திறந்ததும் பேஸ் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "அண்ணாச்சி, இனி வேற யாரும் பாட வேண்டாம்" என்றார் ஹெப்ரான். நான் சளியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆற்றில் நின்றதன் பலன் என்று சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகு சளியைக் காப்பாற்றுவதே என் ஊழியமாகிவிட்டது. ஆவி பிடிக்க மறுத்தேன். ஐஸ்கிரீம் தின்றேன். 'ஆண்டவரே, இந்தச் சளி என்னைவிட்டு நீங்காதிருப்பதாக' என்று ஜெபம் பண்ணினேன். ஆனால் விக்டோரியா விடவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு முந்தின நாள் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள்.

"இந்த இருமலோட எப்படிப் பாடுவீய? பைய குடிங்க" என்று பக்கத்திலேயே நின்றாள்.

சளிதான் என் சங்கீதம் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? குடித்தேன். காலையில் தொண்டை புதுப் பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தது.

சாயங்காலம் ஹெப்ரானைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, குரல் போயிட்டு" என்றேன்.

"நல்லாத்தான பேசுதீய?"

"அதான் சொல்லுதேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே ஆர்கன் தொடங்கிவிட்டது. "இனி நான் யாரைத் தேடுவேன் அண்ணாச்சி? இருக்குத குரல்ல பாடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

முன்னால் போய் நின்றேன். கீழே இறங்கிப் பார்த்தேன். அங்கே வெறும் காற்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் மேலே ஏறி, எனக்குப் பிறவியிலேயே வாய்த்த குரலில் பாடினேன். ராப்சனை நினைக்கக்கூட நேரமில்லை. வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். குழு சேர்ந்துகொண்டதும் அவர்கள் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டேன். முப்பது வருட ஆசை மூன்று நிமிடத்தில் கெட்டுப்போனதை நினைத்து வெட்கமும் துக்கமுமாக இருந்தது.

முடிந்ததும் கேக்குக்குக்கூட நிற்காமல் விக்டோரியாவை இழுத்துக்கொண்டு பைக்கை எடுக்கப் போனேன். அங்கே நெல்லையப்பன் பிடித்துக்கொண்டார். என் பாட்டைக் கேட்பதற்கென்றே வந்தவர், உட்கார இடமில்லாமல் பின்னால் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாராம்.

"என்னவே, நீரு எப்பப் பாடுவீருன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், அதுக்குள்ள பாட்டு முடிஞ்சுட்டு! ஆனா மொதல்ல ஒருத்தன் தனியாப் பாடினான் பாத்தீரா? எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டுவே. நாம ஆத்துல நின்னு வெறைச்சதுக்கு, அவன்கிட்டப் போயிக் கத்துக்கிட்டிருக்கலாம். யாருவே அது?"

நான் பைக் சாவியைத் துழாவினேன். விக்டோரியாதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இவியதான் அண்ணாச்சி. முப்பது வருஷமா நானும் தேடுதேன், இன்னைக்குத்தான் அகப்பட்டாவ."