வீட்டுக்குள் ஒரு கிறீன்லாந்து

தென்கோளத்தில் குளிர் தொடங்கும் ஜூன் மாதத்தில் முதன்முறையாக ஹீற்றரைப் போடும்போது தூசி கருகி ஒரு மணம் எழும்பும். ஹோம்புஷில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஃபிளாற்றின் குளிர்காலம் எனக்கு அந்த மணத்தோடுதான் தொடங்கும். சனிக்கிழமைகளில் அப்பாவின் சிநேகிதர்கள் அந்த ஹீற்றரைச் சுற்றிக் "கதிரை"களை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மா "குசினி"யிலிருந்து அனுப்பும் தேநீரைக் குடித்தபடி, விட்டுவந்த நம் ஊருக்கு எந்த மாதிரிச் "சமஷ்டி", அதாவது கூட்டாட்சி, பொருந்தும் என்று வாதாடுவார்கள். ஒருவர் கனடா என்பார், இன்னொருவர் சுவிஸ் என்பார், அப்பாவுக்கோ கிறீன்லாந்துதான். பனி மூடிய அந்தத் தீவு டென்மார்க்கோடு இருந்துகொண்டே தனக்கென்று ஒரு பாராளுமன்றம் வைத்திருக்கிறது, பாதுகாப்பும் வெளிவிவகாரமும் டென்மார்க்கிடம், பள்ளிக்கூடமும் மீன்பிடியும் மொழியும் அந்தச் சனத்திடம் என்று, நேரில் போய்ப் பார்த்தவர் மாதிரிச் சொல்வார். அவர் பார்த்த பனியெல்லாம் எங்கள் ஃபிரிஜ்ஜுக்குள் இருந்ததுதான்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பத்து வயதில் நான் ஒரு சனிக்கிழமை அந்தக் கூட்டத்தின் நடுவே போய் நின்று, எனக்கும் தம்பிக்குமான அறைக்குச் சுயாட்சி வேண்டும் என்றேன். சுவரில் எந்தப் படம் ஒட்டுவது, எப்போது விளக்கை அணைப்பது என்பதையெல்லாம் அம்மாவே தீர்மானித்தது எனக்குப் பெரிய மனத்தாங்கல். அங்கிள்மார் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, வாரந்தோறும் தான் வாதாடியதை வீட்டுக்குள் மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு அவரிடம், வெளிவிவகாரம் அம்மாவிடம், மற்றதெல்லாம் எங்களிடம் என்று அங்கேயே ஒப்பந்தமானது. நான் கேட்காத ஒன்றையும் அவராகவே சேர்த்தார்.

"மொழியும் பிள்ளையளிட்டத்தான் இருக்கோணும். அது இல்லாமல் என்ன சுயாட்சி?"

அன்று மாலையே எங்கள் பாராளுமன்றம் கட்டிலின் மேல் கூடியது. அறையின் மொழி ஆங்கிலம் என்று ஏகமனதாகச் சட்டம் இயற்றினோம். தம்பிக்கு ஆறு வயது. நான் கை தூக்கியதும் அவனும் தூக்கினான்.

அப்பாவின் முகம் வாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "உங்கட கிறீன்லாந்து நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா வேறு குத்திக்காட்டினார். ஆனாலும் அப்பா சட்டத்தை மீறவில்லை. படுக்கப் போகுமுன் எங்களுக்கு நரிக்கதை சொல்வது அவர் வழக்கம். இப்போது கதவைத் தட்டி, அனுமதி பெற்று உள்ளே வந்து, வேலைத்தலத்தில் முதலாளியோடு பேசும் ஆங்கிலத்தில் கதையைத் தொடர்ந்தார். தமிழில் திமிராகத் திரிந்த நரி, ஆங்கிலத்தில் லீவு கேட்க வந்தவர் போல அடக்கமாக நடந்துகொண்டது. சில நாள் பொறுத்துப் பார்த்த தம்பி, இது அந்த நரி இல்லை என்று அழத் தொடங்கினான். உடனே பாராளுமன்றத்தைக் கூட்டி, கதைக்கு மட்டும் தமிழ் என்று திருத்தம் கொண்டுவந்தோம்.

"நான் சொல்லி மாத்தேல்லை, நீங்களா மாத்தினனீங்கள். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்றார் அப்பா. அந்த இரவு நரி படுத்திய பாட்டில் தம்பி சிரித்துச் சிரித்தே உறங்கிப்போனான்.

அந்த ஃபிளாற்றை இடித்து உயரமான கட்டடம் கட்டிவிட்டார்கள். சனிக்கிழமைக் கூட்டமும் இல்லை, அம்மாவும் இல்லை. தம்பி மெல்பேர்னில் இருக்கிறான். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா கிரவீனில் என் வீட்டில் இருக்கிறார். அவர் எதைச் சாப்பிடுவது, எப்போது படுப்பது, யாரோடு வெளியே போவது என்பதையெல்லாம் நானே தீர்மானித்துவந்தேன். பாசத்தில்தான் செய்தேன்.

சில நாட்களுக்கு முன் தொலைக்காட்சியில் கிறீன்லாந்து வந்தது. அந்தத் தீவு யாருக்குச் சேரவேண்டும் என்று வெளியார் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, மருந்தும் டொக்டரும் உன்னட்டையே இருக்கட்டும். மற்றதை என்னட்டைத் தா."

எனக்கு ஒரு சனிக்கிழமையிலேயே கிடைத்ததை அவர் இத்தனை மாதம் கேட்காமல் இருந்திருக்கிறார்.

இப்போது அவர் அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டுகிறேன். "ஓம், வா" என்ற குரல் கேட்கும்வரை வெளியே நிற்கிறேன்.