சுத்தம் செய்து அனுப்பிய சான்றிதழ்

நாற்பத்தாறு வயதில் சீன மொழி படிக்க வெளிநாடு போகப் பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், நான் வேலை செய்யும் டிசைன் கடையின் முதலாளிக்குத் தெரியும், அவருடைய மகளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

கடை என்றால் ஒரே ஓர் அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். பட்டுப்புடவையின் பார்டரையும் முந்தியையும் காகிதத்தில் வரைந்து கொண்டுவருவார்கள். அதை ஸ்கேன் செய்து, தறி மேல் இருக்கிற எலக்ட்ரானிக் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. யாரோடும் அதிகம் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதால்தான் இந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

அந்தப் பெட்டி சீனாவிலிருந்து வருகிறது. அதன் திரையை இங்கிலீஷுக்கு மாற்றி வைத்தாலும் பாதி சீனத்திலேயே நிற்கும். போன வருடம் முதலாளியின் தறிக்கூடத்தில் ஒரு பெட்டி நின்றுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் ஒரு வரி சீன எழுத்து, கீழே இரண்டு பொத்தான். சுற்றி நாலு நெசவாளர்கள் நின்று என்னையே பார்க்கிறார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இடது பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. நான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

கடையில் டிசைன்களின் நகல் இருந்ததால் பிழைத்தோம். ஆனால் இரண்டு நாள் தறி ஓடவில்லை. முதலாளி திட்டவில்லை. “ஏம்மா, தெரியலன்னா யாரையாவது கேக்க வேண்டியதுதானே?” என்றார். யாரைக் கேட்பது? காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்து அந்த எழுத்தைப் படிக்கிறவர் எவரும் இல்லை.

அதன்பிறகு திரையில் வரும் எழுத்துகளைக் கட்டம் போட்ட நோட்டில் புடவைப் புட்டா வரைவது போல வரைந்துகொண்டு வந்தேன். கை சீக்கிரம் பழகியது. வாய்தான் வரவில்லை. போனில் நடக்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஆசிரியை சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு வாயை மட்டும் அசைப்பேன். நாலாவது வாரம் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பருவம் அந்த நாட்டிலேயே போய் இருந்தால் வேறு வழியில்லாமல் பேசிவிடுவீர்கள் என்று சிரித்தபடி சொன்னார். விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்குள் அது இறங்கிவிட்டது.

தேட ஆரம்பித்தபோதுதான் எவ்வளவு அலுப்பான வேலை என்று தெரிந்தது. மதியம் சாப்பிட்ட பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் தேடுவேன். நாலு வார வகுப்பு மலிவு, ஆனால் அதற்குப் படிப்பு விசா கிடையாது. விசாவுக்குக் கடிதம் தருகிற இடத்தில் கட்டணம் என் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டும். இரண்டும் பொருந்தினால் பட்டப்படிப்பு கேட்பார்கள். மூன்றும் பொருந்திய ஒரு இடத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை. தைவான், மலேசியா, சீனா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சில பக்கங்களை வாசித்து முடிக்கவே இரண்டு மூன்று மதியம் ஆனது.

ஒரு தடவை துணிந்து சென்னையில் இருக்கும் ஏஜென்டு ஒருவருக்குப் போன் செய்தேன்.

“சொல்லுங்க மேடம், பையனுக்கா பொண்ணுக்கா?”

“எனக்குதான்.”



“ஓ… ஒண்ணு பண்லாம் மேடம், ஒரு வாரம் டூர் பேக்கேஜ் இருக்குது, பாக்கட்டுமா?”

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் பேசவில்லை, எழுதித்தான் கேட்டேன்.

கடைசியில் கிடைத்தது, சீனாவில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி. செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும் ஒரு பருவம். விசாவுக்குக் கடிதம் அவர்களே அனுப்புவார்கள். விடுதி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு போதும். வயது ஐம்பதுக்குள் இருந்தால் போதும். கட்டணத்துக்கு என் சேமிப்பில் பெரும்பகுதி போகும், ஆனால் கடன் வாங்க வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறார். நன்றாகச் சிரித்தார்.

“பக்கத்து வூட்ல சக்கர கேக்கறதுக்கே என்னை அனுப்பறவ நீ. அங்க போயி யார அனுப்புவ?”

“அதுக்குத்தான் போறேன்.”

“நாலரை மாசம் எனக்கு யாரு சோறு போடுவா?”

“ஓட்டல்ல சாப்பிடு.”

“அதான் தெனமும் சாப்ட்டுக்கினு இருக்கறேனே,” என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

முதலாளிதான் கஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் அப்போது அவருடைய மகள் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாசியில் அவளுக்குக் கல்யாணம். அதுவரை என் நாற்காலியில் அவள் உட்காருவதாகச் சொன்னாள். “இந்த ஒரு தடவைதான்மா. அவ போய்ட்டா எனக்கு வேற ஆளு இல்ல,” என்றார் முதலாளி. ஆகவே அந்த செப்டம்பர்தான். அதை விட்டால் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

விண்ணப்பத்தை அவள்தான் இங்கிலீஷில் நிரப்பினாள். “அக்கா, ஏன் சைனீஸ் படிக்கணும்னு கேக்கறான், நல்லா கெத்தா எழுதலாம்க்கா,” என்றாள். தறிப் பெட்டி கேட்பது புரிய வேண்டும் என்று மட்டும் எழுதச் சொன்னேன். சான்றிதழ்களை ஸ்கேன் செய்வது என் பங்கு.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வீட்டுத் தகரப் பெட்டியில் பல வருடம் கிடந்தது. ஒரு மழைக்கு ஓரத்தில் தண்ணீர் இறங்கிப் பழுப்பாக ஒரு கறை. அரசு முத்திரையின் மை கலங்கியிருந்தது. காகிதம் முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளி.

எங்கள் தொழிலில் ஸ்கேன் செய்ததும் முதல் வேலை புள்ளி எடுப்பது. திரையில் பெரிதாக்கி, தேவையில்லாத ஒவ்வொரு புள்ளியையும் அழிக்க வேண்டும். ஒன்றை விட்டால் தறியில் அந்த இடத்தில் ஓர் இழை தூக்கிவிடும். பார்டர் நெடுக அதே தப்பு திரும்பத் திரும்ப வரும். பதினோரு வருடமாக என் கண் புள்ளியைத்தான் தேடுகிறது. அன்றும் கை தன்பாட்டுக்கு அதைச் செய்தது. கறையை எடுத்தேன். கலங்கிய மையை எடுத்துவிட்டு முத்திரையின் வட்டத்தை ஒழுங்காக இழுத்துவிட்டேன். கையெழுத்தில் விட்டுப்போயிருந்த ஒரு கோட்டையும் சேர்த்தேன். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தேன். முடித்துப் பார்த்தபோது புதுச் சான்றிதழ் மாதிரி இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற காகிதம் சுத்தமாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. முதலாளி மகள் படித்துவிட்டு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

“அக்கா, மார்க் ஷீட்ட எதுனா எடிட் பண்ணீங்களா?”

“புள்ளி எடுத்தேன்.”

“ஐயோ அக்கா!”

சான்றிதழ் திருத்தப்பட்டதாகத் தெரிவதால் விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. திருட்டுத்தனம் செய்தவள் என்று முன்பின் தெரியாத யாரோ அங்கே என்னை நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை. அவள் நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பினாள். நான் சுத்தம் செய்த ஒரு பார்டரையும், செய்வதற்கு முன்னால் இருந்த அதே பார்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

அவர்களும் நல்லவிதமாகவே பதில் எழுதினார்கள். புரிகிறது, பள்ளியில் சான்றொப்பம் வாங்கிய நகலை அனுப்புங்கள் என்றார்கள். ஆனால் செப்டம்பர் பருவத்துக்கு விசாக் கடிதம் அனுப்பும் தேதி முடிந்துவிட்டது. அடுத்தது மார்ச்.

மார்ச்சில் அவள் மாமியார் வீட்டில் இருப்பாள்.

முதலாளியிடம் போய் நின்றேன். ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவரே, “தெரியும்மா, பாப்பா சொல்லுச்சி. மார்ச்சுல கல்யாண சீசனு. நீ இல்லன்னா கடைய சாத்திக்கினு போவ வேண்டியதுதான்,” என்றார். நான் தலையாட்டினேன். ஒன்றிரண்டு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அவை அப்படியே இருந்துவிட்டன.

ஆனாலும் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து, முசரவாக்கம் தாண்டி இருக்கும் என் பழைய பள்ளிக்குப் போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. திருத்தியவள் என்ற பெயரோடு அது முடிய வேண்டாம் என்று இருந்திருக்கலாம். தலைமையாசிரியர் என்னைவிடச் சின்னவர். கறையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இவ்ளோ அழுக்கா இருக்குதே, புதுசா டூப்ளிகேட்டுக்கு அப்ளை பண்ணிடுங்களேம்மா?”

“வேணாம் சார். இப்படியேதான் வேணும்.”

சத்தமாகவே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அதை ஸ்கேன் செய்தேன். பெரிதாக்கினால் எப்படியும் கை புள்ளியைத் தேடும் என்று பெரிதாக்காமலேயே அனுப்பினேன். கூட அனுப்பிய கடிதத்தில் அடுத்த வருட செப்டம்பர் பருவத்துக்கு என்று நானே எழுதினேன். கிடைத்தது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. முத்திரை தெளிவாக இருக்கிறதாம், அடுத்த வருட விண்ணப்பம் திறந்ததும் மற்றதை அனுப்பலாமாம்.

அடுத்த செப்டம்பரில் என் நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று தெரியாது. முதலாளியிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும். ஐம்பது வயதுக்குள் எனக்கு மூன்று செப்டம்பர் மிச்சம் இருக்கிறது. அந்தப் பதிலை மூடிவிட்டு, மேசையில் காத்திருந்த முந்தி ஒன்றை ஸ்கேன் செய்து, புள்ளி எடுக்க உட்கார்ந்தேன்.