யுகேந்திரன் பெயரில் ஒரு மதியச் சாப்பாடு

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் குமுதா, ஆண்டில் ஒரு நாள் மட்டும் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலை செய்வார். அது மகனின் நினைவு நாள்.

பந்திங் சாலையில் லோரி மோதி இறந்தவன் யுகேந்திரன். அதன்பிறகு செந்தூல் அடுக்குமாடி வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. குமுதா எடுத்தால் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். மகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். பெற்றவளுக்கோ அந்தப் பெயரை இன்னொரு வாய் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

கடைக்கு வாடிக்கையாக வரும் சாந்தமேரி ஆன்டிதான் வழி காட்டினார். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில், கல்குவாரித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நன்கொடையில் நடக்கும் பள்ளி. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டால், பிள்ளைகள் வீடியோ அழைப்பில் வந்து நாம் கேட்கும் பெயரைச் சேர்ந்து சொல்வார்கள். இந்தியாவில் நேரம் இரண்டரை மணி பிந்தி என்பதால், இங்கே கடைக் கூட்டம் அடங்கும்போது அங்கே சாப்பாட்டு வேளை. எல்லாம் பொருந்தி வந்தது.

முதல் ஆண்டு குமுதா பின்சந்தில், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று பேசினார். "யுகேந்திரன் அண்ணனுக்கு நன்றி" என்று ஒரு கூடமே சொன்னது. அவர் அழுதார். மகனுக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பான் என்று சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள். எவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகள் என்று கடை முழுக்கச் சொல்லி மாய்ந்தார்.

இந்த ஆண்டு அதே நாளில் ஒரு கம்பெனிக் கூட்டம் பேருந்தில் வந்து இறங்கியது. முதலாளி ரெங்கசாமி அவரை விடவில்லை.

"மகராசி ஊருக்கே சோறு போடுவா. இங்க மூலை மேசைக்கு இன்னும் ரசம் வரல லா" என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

கூட்டம் கலைந்து பின்சந்துக்கு ஓடியபோது வெகுநேரம் கடந்திருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டு வகுப்புக்குப் போயிருப்பார்கள், இந்த ஆண்டு பெயர் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்தபடியே அழைத்தார். பள்ளியின் நல்லம்மாள் டீச்சர் உடனே எடுத்தார். டீச்சர் அவசரத்தில் கைபேசியைத் தாழப் பிடித்திருந்ததால் முகங்களுக்குப் பதில் இலைகள் தெரிந்தன. சாம்பாரை உறிஞ்சி இறுகிப்போன சோறு, ஓரத்தில் ஒரு வடை, ஈக்கள். ஒரு சின்னப் பெண் இலையின் முன்னாலேயே தூங்கிப்போயிருந்தாள்.

"டீச்சர், இன்னும் ஏன் சாப்பிடல?"

"நீங்க வராம எப்படிங்கம்மா? உபயம் பண்றவங்க முகத்தப் பாத்து, பேரச் சொல்லிட்டுத்தான் கை வைப்பாங்க. எப்பவுமே அப்படித்தான்."

எப்பவுமே. முதல் ஆண்டு அவர் அழுத அழுகை முழுவதையும் அந்தப் பிள்ளைகள் சோற்றின் முன்னால் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறார்கள்.

"சாப்பிடுங்க கண்ணு" என்றார் குமுதா. ஒரு கையும் அசையவில்லை. எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"பேரு" என்றார் டீச்சர்.

யுகேந்திரனை ஒரே மூச்சில் சொல்லி முடித்து இலைமேல் குனிந்தார்கள். தூங்கியவளைப் பக்கத்திலிருந்தவள் இடித்து எழுப்பினாள். அவள் எழுந்ததும் தனியாக ஒருமுறை அந்தப் பெயரைச் சொன்னாள், சொல்லாவிட்டால் சோறு கிடைக்காதோ என்று.

அடுத்த ஆண்டும் சாப்பாடு தன் செலவுதான், ஆனால் அழைப்பும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று குமுதா குரல் செய்தி அனுப்பினார். வீடியோ இல்லாமல் உபயம் ஏற்பதில்லை, நிர்வாகம் வைத்த முறை அது என்று பதில் வந்தது. குமுதா விலகிக்கொண்டார்.

அந்தத் தேதியை யாரோ பிறந்தநாளுக்கு எடுத்துக்கொண்டதாகச் சாந்தமேரி ஆன்டி கடைக்கு வந்து சொன்னார். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார்.

இனி அன்றைக்குப் பிள்ளைகள் அந்த யாரோ ஒருவருக்காகக் காத்திருப்பார்கள். செந்தூல் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்.