அஸ்திவாரத்தில் கொட்டிய சாம்பல்

அவளை எல்லோரும் சாம்பலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய அலுமினியத்தை உருக்கியபின் உலையில் மிஞ்சும் சாம்பல் நிறக் கசடு, லாரி லாரியாக வந்து சேரும் ஆலையில் அவளுக்கு வேலை. பார்த்தால் வெறும் தூள்தான். தண்ணீர் பட்டால்தான் அதன் குணம் தெரியும்: கொதிக்கும், மூக்கைத் துளைக்கும் வாயுவைக் கக்கும், சில சமயம் தீயும் பிடிக்கும். அதனால் மூடிய தொட்டிக்குள் அதை நனைத்து, வாயுவைக் குழாய் வழியே உறிஞ்சி, உப்பைப் பிரித்து, சாதுவான சேறாக்கி வெளியே அனுப்புவார்கள். தொட்டியின் சூட்டைக் கவனிப்பது அவள் பொறுப்பு. புருஷன் போன பிறகு பிடித்த வேலை. முகமூடி அழுத்தி அழுத்தி மூக்கின்மேல் தழும்பே விழுந்துவிட்டது.

தச்சு வேலை செய்யும் தம்பி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஊரோரம் தாழ்வான மனை ஒன்றை வாங்கியிருந்தான். அஸ்திவாரம் எழும்பியதும் அக்காவை அழைத்துப்போய்க் காட்டினான். சுவர்களுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தூள் நிரவியிருந்தது.

"இது எங்கேருந்துடா வந்துச்சு?"

"உருக்காலைக்காரங்க சும்மாவே கொட்டிட்டுப் போனாங்கக்கா. மண்ணைவிட நல்லா இறுகுமாம்."

அவள் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஆலைக்கு வரும் அதே கசடு. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"முதல்ல தார்ப்பாய் போட்டு மூடு. அப்புறம் எல்லாத்தையும் அள்ளணும்."

"விளையாடறியா? உன் வேலையிடத்துப் பயத்தையெல்லாம் என் வீட்டுக்குக் கொண்டுவராதே."

அவள் ஒரு வாளியை இழுத்து வைத்தாள். ஒரு கை தூளை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தம்பி சிரிக்க வாயெடுத்தான். அதற்குள் நுரை கிளம்பியது. வாளியைத் தொட்டவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். கூட வந்திருந்த, நிறைமாதமாயிருந்த அவன் மனைவி இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள்.

"மழை இறங்கினா, உன் புள்ளை படுக்கிற தரைக்கு அடியில இதுதான்டா நடக்கும்."

கொட்டியதைத் திரும்ப எடுக்கச் சொன்னதற்கு உருக்காலை கைவிரித்துவிட்டது. அவளுடைய மேலாளரும் முதலில் தயங்கினார். "வீட்டுச் சரக்கெல்லாம் நமக்கு வராதும்மா."

"இங்க வராம வேற எங்க சார் போகும்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே லாரியை அனுப்பினார்.

தூளை அள்ளியபின் மண் நிரப்பப் பணமில்லாமல் வீடு பாதியில் நின்றது. குழந்தை வாடகை அறையில்தான் பிறந்தது. தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கோபம் தூள்மீதா, அக்காமீதா என்று அவளுக்கு விளங்கவில்லை. அதைவிட வேறொன்று அவளை அரித்தது: உருக்காலை லாரி இன்னும் யார் யார் வீட்டில் கொட்டியதோ? விடுமுறை நாட்களில் தம்பியின் மனையைச் சுற்றியிருந்த தெருக்களில் நடந்து, கட்டிக்கொண்டிருந்த வீடுகளை எட்டிப் பார்த்தாள். சொன்னால் யாரும் கேட்கவில்லை. சிலர் விரட்டினார்கள்.

ஒருநாள் இப்படி ஒரு வாசலில் வாய்ச்சண்டை முற்றியபோது, பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது.

"நீ பேசாம இரு, அக்கா. நீ பேசினா சண்டைதான் வருது. நான் பேசறேன்."

அந்த வீட்டுக்காரர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் இருவரும் மறுபடி போய்த் தட்டினார்கள்.